முறைக்காய்ச்சலும் கப்பல் காய்ச்சலும்

விடியற்காலைப் பிரட்டில் எங்களை வரிசையாக நிற்கவைத்து வாயைத் திறக்கச் சொல்வார்கள்.

பிரட்டு என்பது பெயர் கூப்பிடுவதற்குத்தான் என்று நீங்கள் நினைத்தால், நீங்கள் தோட்டத்தில் குப்பை கொட்டியதில்லை என்று அர்த்தம். எங்கள் தோட்டத்தில் பெயரை, வேலை வாங்குகிற மண்டோர் வாங்கிக்கொள்வார். வாயை ஆஸ்பத்திரி டிரசர் பார்த்துக்கொள்வார். கேட்டில் நிற்கிற காவல்காரர்கள் மடியைத் தடவிக்கொள்வார்கள். இவர்கள் எல்லோரும் போக மிச்சமிருக்கிற உடம்பைத் தூக்கிக்கொண்டு நாங்கள் பால்மரம் வெட்டப் போவோம், பட்டையைக் கீறி ரப்பர் பால் எடுக்க.

வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவர் என் மாமியார். நான் அத்தை என்று கூப்பிடுவேன். டிரசர் ஒரு மஞ்சள் மாத்திரையை அவர் கையில் வைப்பார். அத்தை அதை வாயில் போட்டுக்கொண்டு, தகரக் குவளையை உதட்டில் படாமல் உயரத் தூக்கி, அண்ணாந்து தண்ணீரை ஊற்றிக்கொள்வார். தொண்டை ஏறி இறங்கும். பிறகு வாயைத் திறந்து காட்டுவார். உள்ளே வெற்றிலையும் புகையிலையும் கலந்த சிவப்புக் குழம்பு நிறைந்திருக்கும். டிரசர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போங்கோ, போங்கோ" என்பார்.

அடுத்தது நான். எனக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது. அந்த ஒரு குற்றத்துக்காக என் வாயைக் கடைவாய்ப் பல் வரைக்கும் பார்ப்பார்.

அதற்குப் பிறகு நானும் அத்தையும் கேட்டைத் தாண்டி எங்கள் நிரைக்கு, எங்களுக்கு ஒதுக்கிய மரவரிசைக்கு, நடப்போம். நல்ல தூரம். அத்தை ஒரு வார்த்தை பேசமாட்டார். நான் கல்யாணமாகி வந்த முதல் நாளிலிருந்தே அப்படித்தான். ஏதாவது கேட்டால் 'ம்' என்பார். திரும்பக் கேட்டால் இன்னும் கொஞ்சம் நீளமாக 'ம்' என்பார். மருமகளைப் பிடிக்கவில்லை என்பதை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன மாமியாரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சுவரில் ஒட்டியிருந்த மூன்று சொற்கள்

இந்த வாரம் இந்தப் பத்தியில் வேறு ஒன்றை எழுதுவதாக இருந்தேன். என் தங்கையின் கல்யாணத்தில் பாயசம் கவிழ்ந்த கதை. முட்டிவலிக்கு மருந்து வாங்க மம்பாவ் கிளினிக்குக்குப் போனதில் அது கெட்டுப்போயிற்று.

கிளினிக் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. எண்டெமிக், எபிடெமிக், பாண்டெமிக் என்று மூன்று வட்டம், மூன்று கலர். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்ட சின்ன வயசு டாக்டரம்மா, பாவம், எனக்குப் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து மெதுவாக விளக்க ஆரம்பித்தாள். நான் தெரியும் என்றேன். அவள் சிரித்தாள். நம்பவில்லை என்பதை அந்தக் காலத்தில் வாயால் சொன்னார்கள், இப்போது சிரித்துச் சொல்கிறார்கள்.

எனக்கு அந்த மூன்று சொல்லும் அவள் பிறப்பதற்கு முன்பே தெரியும். எங்கள் டிரசர் சின்னத்தம்பி சொல்லிக்கொடுத்தது.

சின்னத்தம்பி யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அவர்தான் எல்லாம். டாக்டர் என்று ஒருவர் இருந்தார். எப்போதாவது காரில் வந்து, துரை பங்களாவில் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். வெள்ளை அரைக்கால் சட்டை, முழங்கால் வரை வெள்ளைக் காலுறை, சட்டைப் பையில் தெர்மாமீட்டர், இதுதான் சின்னத்தம்பி. காயத்துக்கு அயோடின் போடும்போதுகூடப் பாடம் நடத்துவார். காயம் ஆறிவிடும், பாடம் முடியாது.

அவர் சொன்னது இதுதான். எண்டெமிக் என்றால் ஓர் ஊரிலேயே குடியிருக்கிற நோய். எப்போதும் இருக்கும், கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கும். எங்கள் பக்கத்து முறைக்காய்ச்சல், அதாவது மலேரியா, அந்த ஜாதி. எபிடெமிக் என்றால் வழக்கத்தைவிட அதிகமாக, திடுதிப்பென்று ஊரை வளைத்துப் போடுகிற நோய். அதுவே கடல் தாண்டி நாடு நாடாகப் போனால் பாண்டெமிக். எவ்வளவு கொடுமையான நோய் என்பது கணக்கில்லையாம். வழக்கத்தைவிடக் கூடுதலா, எவ்வளவு தூரம் போகிறது என்பதுதான் கணக்காம்.

அதாவது நாங்கள் வருஷம் முழுவதும் நிதானமாகச் செத்துக்கொண்டிருந்தால் அது வழக்கம். அவசரப்பட்டுச் செத்தால்தான் செய்தி.

எனக்கு இன்னும் சுலபமான கணக்கு ஒன்று உண்டு. காய்ச்சல் எங்கள் கூலி லயத்தில் இருந்தால் எண்டெமிக். கணக்கெழுதுகிற கிராணிமார் குவார்ட்டர்ஸுக்குப் போனால் எபிடெமிக். துரை பங்களாவுக்குள் நுழைந்துவிட்டால் பாண்டெமிக். டாக்டரம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. அவளிடம் வாங்க வேண்டிய மாத்திரை பாக்கி இருந்தது.

காய்ச்சல் குற்றமான கதை

மலாய் நாட்டில் காட்டுச் சண்டைக்காக வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் முடியப்போகிறது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. சுதந்திரமும் வரப்போவதாக ரேடியோ சொன்னது. எங்கள் தோட்டத்தைச் சுற்றிப் போட்ட முள்கம்பிக்கு மட்டும் இரண்டு செய்தியும் எட்டவில்லை.

தோட்டம் பகாவ் டவுனுக்கு உள்ளே தள்ளி, காட்டை ஒட்டி இருந்தது. காட்டுக்குள் துப்பாக்கிக்காரர்கள் இருந்தார்கள். அவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று நாங்கள் பொதுச் சமையல்கட்டில் வெந்த சோற்றை வாங்கிச் சாப்பிட்டோம்; குழம்பு, ரசம் மட்டும் வீட்டில். வீட்டில் ஒரு பிடி அரிசி இருந்தால் குற்றம். நிரைக்குச் சோறு கட்டிக்கொண்டு போனால் குற்றம். காலையில் குடித்த கறுப்புக் காப்பி வயிற்றில் இருந்தபடியே கேட்டைத் தாண்டுவதை மட்டும் அவர்களால் தடுக்க முடியவில்லை.

மருந்தும் அப்படித்தான். அந்த மஞ்சள் மாத்திரை ஜப்பான் சண்டைக்காலத்துப் பட்டாளத்து மிச்சம் என்று சொல்வார்கள். வெளியே வேறு நல்ல மருந்து வந்துவிட்டது. எங்கள் நிர்வாகம் எதையும் வீணாக்காத நிர்வாகம், அதனால் எங்களுக்கு மஞ்சள்தான். அதிகமாகத் தின்றால் தோலே மஞ்சளாகிவிடும். தினம் ஒன்று தின்றால் உள்ளங்கையில் லேசாகத் தெரியும். ரப்பர் பால் பட்டுப் பட்டு எங்கள் உள்ளங்கைகள் எல்லாம் கறுத்துப்போயிருந்ததால் அந்த அழகும் தெரியவில்லை.

ஒரு நாள் பட்டாளத்துக்காரர்கள் எங்கள் தோட்டத்தை ஒட்டிய காட்டில் ஒரு காலிக் குடிசையைக் கண்டுபிடித்தார்கள். உள்ளே ஒரு பொட்டலத்தில் மஞ்சள் மாத்திரைகள். எங்கிருந்து போயிற்று என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பட்டாளமே போகிற வழியில் தவறவிட்டிருக்கலாம் என்று டிரசர் ஒரு தடவை சொன்னார், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு.

டவுனிலிருந்து ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். மறுநாள் பிரட்டில் மண்டோர் எங்களுக்குப் புதுச் சட்டத்தை விளக்கினார்.

"மாத்திரைய முழுங்குறவனுக்குக் குளுருகாய்ச்சல் வராது. வந்துச்சுன்னா அவன் முழுங்கலன்னு அர்த்தம். முழுங்கலன்னா அது எங்க போச்சு? அத இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிக்கலா."

இவ்வளவுதான். அதுவரைக்கும் எங்கள் ஊரில் முறைக்காய்ச்சல் வந்தால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடப்போம். அன்றிலிருந்து அது ராஜத்துரோகம். முதலில் முள்கம்பி முகாம், பிறகு இந்தியாவுக்குக் கப்பல். இந்த நாட்டுக் குடியுரிமைக் கடுதாசி எங்களில் பாதிப் பேரிடம் இல்லை. அத்தையிடமும் இல்லை. சின்னப் பிள்ளையாகக் கப்பலில் வந்தவர். இந்தியாவில் அவருக்கு ஒருவரும் கிடையாது, ஊர்ப் பெயர்கூடப் பாதிதான் ஞாபகம்.

உதடு பட வேண்டிய குவளை

இன்னொரு சட்டமும் கூடவே வந்தது. நாங்கள் எல்லோரும் அண்ணாந்து குடிக்கிறவர்கள். ஒருவர் எச்சில் இன்னொருவருக்குப் படக்கூடாது என்பது எங்கள் பழக்கம். இன்ஸ்பெக்டருக்கு அது பழக்கமாகத் தெரியவில்லை, தந்திரமாகத் தெரிந்தது. அண்ணாந்து ஊற்றுகிறவன் மாத்திரையை நாக்குக்கடியில் ஒளிக்கிறான் என்று அவருக்கு ஒரு ஞானம் பிறந்தது. ஆகவே இனிமேல் குவளையில் உதட்டை வைத்து உறிஞ்சிக் குடிக்க வேண்டும். லயத்துக்கே ஒரே குவளை.

முதல் நாள் எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். கொஞ்ச நாளில் சுளிக்கவும் மறந்துபோனார்கள்.

அத்தை மட்டும் மாட்டேன் என்றுவிட்டார். கண்டவன் எச்சிலை நான் குடிக்க முடியாது என்றார். அங்கேயே, எல்லோர் முன்னாலும். எனக்கு அவமானத்தில் உடம்பு கூசியது. எனக்கு முன்னும் பின்னும் நின்றவர்கள் எல்லாம் அத்தை சொன்ன அந்தக் 'கண்டவன்'தான். சாதி பார்க்கிறாள் கிழவி என்று அன்று சாயங்காலமே லயம் முழுக்கப் பேச்சு. தண்ணீர்க் குழாயடியில் யாரும் அவருக்கு வழிவிடவில்லை. அத்தை தன் குடத்தோடு கடைசியில் நின்று தண்ணீர் பிடித்தார்.

டிரசர்தான் நடுவில் புகுந்து, இந்த அம்மாவின் வாயை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று மண்டோரைச் சமாளித்தார். பார்த்தும் கொண்டார், மேலே சொன்ன அழகில். ஆனால் குவளையில் வாய் வைக்க மறுத்த கிழவி ஒருத்தி இருக்கிறாள் என்ற விஷயம் இன்ஸ்பெக்டர் காதுக்குப் போய்விட்டது.

என் வீட்டுக்காரர் ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு செரம்பானுக்குப் போகும் லாரியில் வேலை. வாரக் கடைசியில்தான் வருவார். அவர் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் தன் அம்மாவிடம் போய்ப் பேசிவிட்டுத் திரும்பி வந்தார். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். அவருக்கும் 'ம்' தான் கிடைத்ததாம்.

கப்பலில் இறங்கிய விருந்தாளி

சுதந்திரத்துக்கு முன்னால் காய்ச்சல் வந்தது. சிங்கப்பூரில் கப்பலில் இறங்கி, ரயிலேறி, லாரியேறி எங்களிடம் வந்து சேர்ந்தது. எங்களைப் பார்க்க வெளியூரிலிருந்து யாரும் வருவதில்லை. பெர்மிட் இல்லாமல் கேட்டைத் தாண்டி உள்ளே வந்த முதல் விருந்தாளி இதுதான்.

வந்த விருந்தாளிக்கு நாங்கள் குவளையை எடுத்து நீட்டினோம். ஒருவர் வாய் வைத்த இடத்தில் அடுத்தவர் வாய் வைத்தோம். பழைய காய்ச்சலைத் தடுக்கிற மாத்திரையோடு புதுக் காய்ச்சலைச் சேர்த்து முழுங்கினோம். அதுவும் வாயைத் திறந்து காட்டி, சரியாக முழுங்கியாயிற்று என்று முத்திரை வாங்கிக்கொண்டு. ஒரு வாரத்தில் லயத்தில் பாதி படுத்துவிட்டது. பிறகு கிராணி படுத்தார், மண்டோர் படுத்தார். பங்களாவில் துரையின் மனைவி தும்மினார் என்று கேள்விப்பட்டதும் குவளை காணாமல்போயிற்று. யார் எடுத்தார்கள், எதற்கு எடுத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து அவரவர் வீட்டுக் குவளையைக் கொண்டுவரச் சொன்னார்கள், என்னவோ ஆதியிலிருந்தே அப்படித்தான் நடந்த மாதிரி.

இப்போது ஒரு சிக்கல். லயம் முழுக்கக் காய்ச்சல். காய்ச்சல் வந்தவன் மாத்திரை முழுங்காதவன் என்பது சட்டம். அப்படியானால் தோட்டமே துரோகி.

டிரசர் பிரட்டில் நின்று, மிச்சமிருந்த கொஞ்சம் பேருக்குப் பாடம் நடத்தினார். முறைக்காய்ச்சல் நேரம் பார்த்து வரும். பல் தட்ட நடுக்கும், பிறகு கொதிக்கும், வியர்த்துக் கொட்டி இறங்கிவிடும். ஒரு நாள் விட்டு அதே வேளைக்குத் திரும்ப வரும். புதுக் காய்ச்சல் அப்படி இல்லை. தொண்டை வலி, இருமல், அடித்துப் போட்ட மாதிரி உடம்பு வலி, சேர்ந்தாற்போல் சில நாள் இறங்காமல் இருக்கும், ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வரும். இது எபிடெமிக், சொல்லப்போனால் பாண்டெமிக், இதற்கு மாத்திரை பொறுப்பில்லை. இன்ஸ்பெக்டருக்கும் இதைச் சொல்லியாயிற்று. அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் நேரில் வந்து வீடு வீடாகப் பார்ப்பாராம். எது புதுக் காய்ச்சல், எது பழைய காய்ச்சல் என்று டிரசர் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டுமாம்.

அப்படித்தான் அந்த மூன்று சொல்லும் எங்கள் தோட்டத்தில் உயிர்ப் பிரச்சினை ஆயிற்று. எபிடெமிக் என்றால் வீட்டில் படுத்திருக்கலாம். எண்டெமிக் என்றால் கப்பல்.

கசப்புக் கஞ்சி

நான் படுத்தது அந்த வாரம்தான். இருமினால் விலா எலும்பு கழன்று விழுகிற மாதிரி வலிக்கும். கண்ணைத் திறந்தால் கூரைத் தகரம் இறங்கி வரும். வீட்டுக்காரரை செரம்பானிலேயே நிறுத்திவைத்துவிட்டார்கள், தோட்டத்துக்குள் விடவில்லை. வீட்டில் நானும், என்னோடு பேசாத அத்தையும்.

வாயே பேசவில்லையே தவிர, கை நிற்கவில்லை. சமையல்கட்டிலிருந்து கஞ்சி வாங்கி வந்து, என் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்து ஊட்டினார். கஞ்சி விஷமாகக் கசந்தது. வேண்டாம் என்று தள்ளினேன்.

"மூடிக்கிட்டு குடி புள்ள. காய்ச்ச வாய்க்கு எல்லாம் கசக்கத்தான் செய்யும்லா."

காலை, மத்தியானம், சாயங்காலம் மூன்று வேளையும் அதே கசப்பு. சமையல்கட்டுக்காரனை மனசுக்குள் திட்டிக்கொண்டே குடித்தேன்.

காய்ச்சல் கொஞ்சம் இறங்கிய ஒரு சாயங்காலம், அத்தை தானாகவே பேசினார். சாயங்காலங்களில் அபூர்வமாகப் பேசுவார். அவருடைய சின்ன வயதில், முதல் பெரிய சண்டை முடிந்த சமயத்தில், கோலா சாவா பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தார்களாம். அப்போதும் இப்படித்தான் ஒரு பெரிய காய்ச்சல் வந்ததாம். லயத்தில் அடுப்பு எரிந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாமாம். அவருடைய அப்பா டிரசரிடம் மருந்து கேட்டு ஓடினாராம். பெட்டி காலி என்று சொல்லிவிட்டார்களாம். முதலில் அப்பா, பிறகு அம்மா, பிறகு இடுப்பில் தூக்கிவைத்திருந்த தம்பி. தம்பியை மட்டும் அவரே கொண்டுபோய்க் கொடுத்தாராம், குழி வெட்டுகிறவர்களிடம்.

அழாமல் சொன்னார். நான்தான் அழுதேன். காய்ச்சலால் கண்ணில் தண்ணீர் வருகிறது என்று சொல்லித் துடைத்துவிட்டார்.

முறை நாள்

எனக்குக் காய்ச்சல் விட்டது, அத்தைக்குப் பிடித்தது. ஆனால் புதுக் காய்ச்சல் இல்லை.

மத்தியானச் சங்கு ஊதியதும் அடுப்படியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். பற்கள் தட்டின. அவர் நடுங்கிய நடுக்கத்தில் பக்கத்திலிருந்த சட்டி ஆடியது. அப்புறம் கொதித்தது, அப்புறம் வியர்த்தது, பொழுது சாயும்போது எழுந்து கூட்டிப் பெருக்கினார். இருமல் இல்லை, தொண்டை வலி இல்லை. ஒரு நாள் விட்டு அதே சங்குக்கு அதே நடுக்கம். டிரசர் நடத்திய பாடம் அப்படியே என் கண்முன் உட்கார்ந்திருந்தது.

அத்தை மாத்திரையை முழுங்கவில்லை. அப்படியானால் அது எங்கே போயிற்று? எனக்கே அந்தக் கேள்வி வந்தது, இன்ஸ்பெக்டருக்கு வராதா? நேராகக் கேட்டேன். அத்தை, மாத்திரைய என்ன செஞ்சீங்க என்று. 'ம்' என்றார்.

இன்ஸ்பெக்டர் வரும் நாளைச் சொல்லியிருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன். முறை நாள். அதுவும் மத்தியானம் வருவாராம்.

மாமியாருக்குக் காய்ச்சல் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்ட மருமகள்கள் இந்த நாட்டில் நிறையப் பேர் இருப்பார்கள். மாமியாரைக் காப்பாற்ற அப்படி வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்திதான். முனியாண்டி சாமி, அத்தைக்கு எனக்கு வந்த காய்ச்சலைக் கொடு, ஒரே ஒரு இருமலாவது கொடு என்று கும்பிட்டேன். என் எச்சில் பட்ட தம்ளரிலேயே அவருக்குக் காப்பி கொடுத்துப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தேன். அத்தைதான் அண்ணாந்து குடிக்கிறவராயிற்றே. அத்தனை பேரையும் படுக்கவைத்த காய்ச்சல், கூப்பிட்டபோது வரவில்லை. அந்த வயசுக்காரர்களை அது அவ்வளவாகத் தொடவில்லை என்று டிரசர் பிற்பாடு சொன்னார்.

சங்கு ஊதியது. அத்தை நடுங்க ஆரம்பித்தார். வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார், பின்னால் டிரசர். அடுப்படியில் சாக்கு மூட்டை ஆடுவதைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டர் முகத்தில், தேடிய பொருள் கிடைத்த சந்தோஷம். இதுதானே அந்தக் குவளைக் கிழவி என்று மலாயில் கேட்டார். எனக்கு மலாய் புரியும். குளிர்காய்ச்சல்தானே என்று அடுத்த கேள்வி.

டிரசர் குனிந்து அத்தையின் நாடியைப் பிடித்தார். நெற்றியைத் தொட்டார். பிறகு என் பக்கம் திரும்பி என் கையைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். ஒன்றரை வாரம் பால்வாளி தொடாத கை. உள்ளங்கை மஞ்சள். நகக்கண் மஞ்சள். அப்போதுதான் நானே அதைப் பார்த்தேன். கீழ் இமையை இழுத்து என் கண்ணைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

அந்த நேரத்தில் அந்த மனிதர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாடம் நடத்துகிற முகம்தான். தெர்மாமீட்டரை எடுத்து இரண்டு தடவை உதறினார், யாருக்கும் வைக்காமல் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

இந்தப் பெண் ஏன் மஞ்சளாக இருக்கிறாள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

புதுசாகக் கல்யாணமானவள், எங்கள் பெண்கள் முகத்துக்கும் கைக்கும் மஞ்சள் பூசிக் குளிப்பார்கள் என்றார் டிரசர். படுக்கையிலிருந்து எழுந்து ஒரு வாரம்கூட ஆகாதவள் நான். குளித்தே பத்து நாள் ஆகியிருந்தது.

கிழவி? என்றார் இன்ஸ்பெக்டர்.

மருமகளைக் கவனித்ததில் தொற்றிக்கொண்டது, புதுக் காய்ச்சல், ஒரே வீடு, என்றார் டிரசர். அப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, இது பாண்டெமிக், பக்கத்தில் நிற்கிறவர்களைத்தான் முதலில் பிடிக்கும், நீங்கள் வாசலில் நிற்பது நல்லது என்றும் சேர்த்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அங்கிருந்தே கேட்டார். புதுக் காய்ச்சல் என்றால் இருமல் எங்கே?

அத்தை நடுங்கிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை மலாய் தெரியாது. நான் சாக்குக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, அத்தையைப் பிடிப்பது போல் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சாக்கில் புதைத்து இருமினேன். விலா வலிக்க வலிக்க இருமினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மனப்பூர்வமாக எதையும் செய்ததில்லை.

பூட்ஸ் சத்தம் அடுத்த வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேராக ஜீப்புக்குப் போயிற்று.

டிரசரின் கடைசிப் பாடம்

சாயங்காலம் டிரசர் தனியாகத் திரும்பி வந்தார். அத்தைக்கு வியர்த்து, காய்ச்சல் இறங்கியிருந்தது. டிரசர் கையை நீட்டினார். அத்தை இடுப்பிலிருந்த வெற்றிலைச் சுருக்குப்பையை அவிழ்த்தார். அடியில் நாலைந்து மாத்திரைகள் மிச்சமிருந்தன. பாதி கரைந்து, சிவப்பும் மஞ்சளுமாக.

மாமியார் முழுங்காததை மருமகள் முழுங்கியிருக்கிறாள். கஞ்சியின் கசப்பு எனக்கு அப்போதுதான் புரிந்தது.

எப்படி ஒளித்தீர்கள் என்று டிரசர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அத்தை கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். கடைவாயில் ஒரு வெற்றிலை மடிப்பை அடக்கிக்கொள்வாராம். நாக்கால் மாத்திரையை அதற்குள் தள்ளிவிடுவாராம். நிரையில் தனியாக ஆனதும் எடுத்து முடிந்துகொள்வாராம். கேட்டில் வெளியே போவதைத்தான் தடவுவார்கள், உள்ளே வருவதைத் தடவமாட்டார்கள். குவளையில் உதட்டை வைத்து உறிஞ்சினால் மாத்திரை தண்ணீரோடு இறங்கிவிடும், அதனால்தான் எச்சில் என்று சண்டை போட்டாராம். சாதிக்காரி என்ற பெயரைச் சும்மா சுமந்திருக்கிறார்.

"எம் மவன் கல்யாணம் கட்டுனான். வீட்டுக்கு ஒரு புள்ள வந்துருச்சு. இனிமே பெரிய காய்ச்ச வந்தா பொட்டி காலின்னு சொல்லுவீங்க. அதான் சேத்து வச்சேன்," என்றார் அத்தை.

டிரசருக்கு உடனே பாடம் வந்துவிட்டது. அது எண்டெமிக் காய்ச்சலுக்கான மருந்து, இது பாண்டெமிக், இரண்டுக்கும் கிருமியே வேறு என்று ஆரம்பித்து, நடுவில் தானே நிறுத்திக்கொண்டு சுருக்கமாகச் சொன்னார்.

"அம்மா, உந்த மாத்திரை இந்தக் காய்ச்சலுக்கு ஒண்டும் செய்யாது. விளங்குதோ?"

அத்தை என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"புள்ள பொழச்சிக்கிச்சா இல்லியா?"

டிரசர் சின்னத்தம்பி அதோடு பாடத்தை முடித்துக்கொண்டார். தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று, அந்தக் கசப்பை அவ்வளவு நேரம் எப்படி அடக்கினீர்கள் என்று கேட்டார்.

"நெரைக்குப் போற வரைக்கும் வாயத் தொறக்காம இருந்தா போதும்லா," என்றார் அத்தை.

அடுத்த வாரம் நான் பிரட்டுக்குப் போனேன். அத்தை எனக்கு முன்னால் நின்றார். அன்று வெற்றிலை போடவில்லை. மாத்திரையை வாயில் போட்டு, எங்கள் வீட்டுக் குவளையைத் தூக்கி, அண்ணாந்து தண்ணீரை ஊற்றிக்கொண்டார். வாயைத் திறந்து காட்டினார். டிரசர் முதல் தடவையாகக் கடைவாய் வரைக்கும் பார்த்துவிட்டு, "போங்கோ" என்றார்.

கேட்டைத் தாண்டியதும் அத்தை ஆரம்பித்தார். ஏண்டி, கொண்டையா அது, காக்கா கூடா? வாளிய நேத்து கழுவுனியா, சும்மா தண்ணி காட்டுனியா? வந்த வாரமே ரசத்துல உப்ப அள்ளிக் கொட்டுனவதான நீ. நான் மருமகளாக வந்த நாளிலிருந்து சேர்த்துவைத்திருந்த திட்டு எல்லாம் வரிசையாக வந்தது. நிரை வரைக்கும் ஓயவில்லை. அத்தனை காலைகள் என்னோடு நடந்து வந்தது எனக்கான மருந்தை வாயில் அடக்கிக்கொண்டுதான் என்பது அந்தத் திட்டைக் கேட்கக் கேட்க எனக்கு உறைத்தது.

'ம்' என்று மட்டும் சொன்னேன்.